ஆறெழுத்தின் மேல் ஒரு நத்தை

போர்த்தோவில் நவம்பர் மழை.
எதிர்ச் சுவரெங்கும் நீலப் பீங்கான் ஓடுகள்,
மினுங்கும் முகம் தெருவுக்கு,
சொரசொரத்த முதுகு சுண்ணாம்புக்கு.
ஓடுகளுக்கு இது சுலபம்.

இடலினா ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.
முப்பத்தேழு பாகைச் சூட்டில் அவளுடைய கண்ணாடித் தட்டு;
தட்டில் ஒரு துளி ஜெல்,
ஜெல்லுக்குள் கடுகிலும் சிறிய உருண்டை,
நடுவே வெற்றிடம்.
சுற்றிலும் செல்கள், தோளோடு தோள் ஒட்டி
அகம் இது புறம் இது என்று
யாரும் சொல்லாமலே திரும்பி நிற்கின்றன.
மார்பிலிருந்து எடுத்தவை.
கொடுத்தவள் பெயர் தட்டில் இல்லை,
414 என்று மட்டும் பச்சை மையில்.

செவ்வாய் இரவு
ஒரு மரபணுவை எழுப்பும் மருந்தை ஊற்றினாள்.
நத்தை என்பது அதன் பெயர்;
கோணலாய்ச் சுருண்ட ஈக்கருவைப் பார்த்து
எப்போதோ யாரோ வைத்தது.

நத்தைக்குத் தெரிந்த வேலை கொஞ்சம்தான்.
நீண்ட வாக்கியமொன்றின் வாசலில்
ஆறெழுத்தின் மேல் போய் உட்காரும்.
அழிக்காது. திருத்தாது.
உட்கார்ந்திருக்கும்.
அந்த வாக்கியத்தை அன்று யாரும் வாசிப்பதில்லை,
தோள்களை ஒட்டிய பசை அதில்தான் எழுதியிருந்தது.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.
நாற்பதாம் மணியில் ஒரு செல் தளர்ந்தது.
மேல் கீழ் மறந்தது,
முன் பின் கற்றுக்கொண்டது.
அடிச்சவ்வைக் கரைத்து
வெளியே ஒரு கால் வைத்தது.

"துரோகி" என்றான் எவரிஸ்டோ,
ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

"நீ வயிற்றில் நான்கு வாரமாய் இருந்தபோது
உன் முதுகோரத்திலிருந்து சிலர்
இப்படித்தான் பிடி விட்டுக் கிளம்பினார்கள்.
அவர்கள்தான் உன் தாடை.
அன்று கிளம்பாதிருந்தால்
இந்த ரொட்டியை எதால் மெல்வாய்?"

அவன் மென்றதை நிறுத்தினான்.
பிறகு மெதுவாக மென்றான்.

வெள்ளியன்று மருந்தைக் கழுவி விட்டோம்.
ஞாயிறு நானே போய் எண்ணினேன்:
பதினொன்று மீண்டும் ஒட்டிக்கொண்டன,
இரண்டு தலைகீழாக, புறத்தை அகமென்று எண்ணி.
ஒன்று மட்டும்
படத்தின் ஓரத்தை நோக்கி
போய்க்கொண்டே இருந்தது.

காரணம் என்ற கட்டத்தில்
இடலினா எதுவும் எழுதவில்லை.
பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

நத்தை இறங்கியாயிற்று.
ஆறெழுத்தும் துடைத்த வாசலாய்த் தெரிகிறது.
வாக்கியம் திறந்தே கிடக்கிறது.
அது வாசிக்க நிற்கவில்லை.