மாற்றுச் சட்டை

வி.கோட்டா தாண்டித் தக்காளிக் கொல்லையில்
குச்சிமேல் நின்றிருந்தது.
பைக்கை நிறுத்துவதற்குள் தெரிந்துவிட்டது:
காக்கியைப் பச்சைச் சாயத்தில் முக்கிய துணி,
உரசிய இடமெல்லாம் காக்கி திரும்பியிருக்கிறது.
கழுத்துக்குள் அம்பு முத்திரை, மங்கிய ஓர் எண்.
பர்மா.

என்னிடம் பதினோரு சட்டை, நான்கு கால்சராய்,
ஜோடியில்லாத ஒரு பூட்ஸ்.
பூச்சி அரித்த ஓட்டை எது, குண்டு துளைத்தது எது
என்று விரல் வைத்தே சொல்வேன்.
பெங்களூர்க்காரர்கள் குண்டுக்கு மூன்று மடங்கு தருவார்கள்.
சிகரெட்டால் சுட்டு விற்பவனையும் தெரியும்.

நாகபூஷணம் பணத்தை எண்ணவில்லை.
"மாமாவோடது. எடுத்துக்கோ.
ஆனா ராத்திரி யானை இறங்கும்,
இவன் வெறும் உடம்பா நின்னா வேலைக்காகாது."
என் சட்டையையே பார்த்தார்.
ஆம்பூரில் போன வாரம் எடுத்த கட்டம் போட்டது.

கழற்றிக் கொடுத்தேன்.
அந்தத் தோளுக்கென்று வெட்டிய குச்சி,
என்னுடையது தொளதொளவென்று தொங்கியது.

பத்தலப்பல்லி செக்போஸ்டில்
பனியனோடு வந்தவனை இறக்கி
பாக்கெட் சரக்கு தேடினார்கள்.
ஏட்டு பையை உதறினார். "யாருது இது?"
என்னுது என்றேன்.
சொன்ன பிறகு
ஹெல்மெட்டை மாட்டக் கொஞ்ச நேரம் ஆனது.

மலை இறக்கத்தில் குளிர்.
போட்டுக்கொள்ளலாமென்று கையை நுழைத்தேன்,
முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

பத்தாவது படிக்கிற என் பையனுக்கு
அளவாக இருக்கும்.
இதுவரை வந்ததையெல்லாம்
அவனுக்குப் போட்டுத்தான் படம் எடுத்திருக்கிறேன்.
இதை மடித்து
அலமாரியில் பூட்டிவிட்டு
சாப்பிட உட்கார்ந்தேன், பனியனோடே.