மீதி நேரம்

இருட்டோடு கிளம்பியது படகு.
டெக்சோமா ஏரிக் குளிர் காதைக் கடித்தது.
திரையில் பச்சை வளைவுகள் நெளிந்ததும்
"இருபத்தெட்டு அடி. இறக்குங்க" என்றாள் வெர்லீன்.

பிறகு ஒரே அமளி.
கழி வளைய, ரீல் அலற,
கருங்கோடு போட்ட வெள்ளி விலாக்கள்
படகுத் தரையில் பறை கொட்ட,

ஏழேகாலுக்குப்
பத்தாவதும் ஐஸ்பெட்டிக்குள்.
இதற்குமேல் ஒன்று பிடித்தாலும் அபராதம்.
பதினோரு மணி வரைக்கும்
காசு கட்டியிருந்தார் ஹாலிஸ்,
டல்சாவில் மாடு ஏலம் விடுகிறவர்.

"இனி என்ன செய்ய?"

எஞ்சினை அணைத்தாள்.
பிளாஸ்கைத் திருகினாள்.
அவ்வளவுதான் பதில்.

முப்பது வருடம் மூச்சுவிடாமல்
விலை கூவிய வாய்
கடற்காகங்கள் நீரில் விழுந்து
சிதறலைப் பங்கிடுவதை
வாய் பார்த்தது.

ஒருதரம்,
கரைப்பக்கம் வெயில் வந்தது.
இரண்டுதரம்,
காப்பி ஆறியது.

அவர் மூன்றாம்தரம் சொல்லவில்லை.