ஒருபக்கமாய் மெல்லுதல்

டொக்டரின் கண்ணாடியைக் கேட்காமல்தான் எடுத்துவந்தேன்.
சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்குக் கிளினிக் பூட்டு.
வேர்ச் சிகிச்சைக்கு அவர் மாட்டும் அந்த உருப்பெருக்கிக்குள்
என் ஊசியின் முனை
கடைவாய்ப்பல் போல வந்து நின்றது.

இடப்பக்கம் மழுங்கி, வலப்பக்கம் கூராய்.
பதினொரு வருடம் பிறர் வாய்க்குள் விளக்குப் பிடித்தவள்,
எனக்குத் தெரியும்
இது ஒருபக்கமாகவே மென்ற வாய்.

அதனால்தான் அவள் 'ச' சொல்லும் இடமெல்லாம்
சட்டியில் கடுகு வெடித்தது.
அவள் என்றால், தட்டில் பாடுகிறவள்.
லேபிள் கிழிந்து பெயரில் மிச்சம் 'வல்லி' மட்டும்.
முன்பாதியை நான் தேடவில்லை.

ஊசித் தலையின் முதுகில்
பழைய சொந்தக்காரர் ஒட்டிவிட்ட இருபத்தைந்து சதக் குத்தி.
ஐந்தே முக்கால் ரயில் பாணந்துறைக்குப் போகையில்
எங்கள் வெள்ளவத்தை மாடி ஆடும்,
ஆடினால் ஊசி துள்ளும்,
துள்ளாதிருக்கப் பாரம்.
பாரத்தோடு ஊசி
தட்டை உழுதுகொண்டிருந்திருக்கிறது.
நோகாத பல்லை
ஆட்கள் கடைசிவரை காட்ட வருவதில்லை.

முதலாம் குறுக்குத் தெருவில்
கைபேசி உறைகளுக்குப் பின்னாலிருந்து
நவ்சாத் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார்.
"ஊசி மட்டும் வராது மிஸ். தலையோடதான்."
விலை சொன்னார்.
மறுபடி சொல்லச் சொன்னேன்.
மறுபடி சொன்னார், கொஞ்சம் மெதுவாக,
மெதுவாகச் சொன்னால் குறையும் என்பதுபோல.
"டொலர்" என்றார்.
"டொலர்தான்" என்றேன் நானும்.
நூறாம் நம்பர் பஸ்ஸில், நின்றபடி,
பல் அச்செடுத்த தட்டைப் போல
சரிக்காமல் கொண்டுவந்தேன்.

நாலு நூல்: வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை.
கடற்காற்று கிளிப்புகளில் களிம்பேற்றியிருந்தது.
சாவணமும் கிளினிக்குடையதுதான்.
திருகாணி எள்ளளவு. ஒன்று விழுந்தது.
ரோர்ச் அடித்து, முழங்காலில்,
அரை மணித்தியாலம் தரையைத் தடவினேன்.
அது என் சட்டை மடிப்பில் இருந்தது.

முதல்தரம் வெள்ளையையும் நீலத்தையும் மாறிக் கொழுவிவிட்டேன்.
பாட்டு வந்தது. அவள் வரவில்லை.
குரல் இரண்டு பெட்டிக்கும் வெளியே
குளியலறைப் பக்கம் எங்கோ நின்றது.
கழற்றி, மாற்றி, திரும்பவும்.
இப்போது மேசை நடுவில் வந்து உட்கார்ந்து
'ச' என்றாள்.
வெறும் ச.
பிறகு, வரி தொடங்குமுன் ஒரு மூச்சு.
பின்னால் யாரோ கதிரையை இழுக்கிற சத்தம்.
இவ்வளவு பேர் அங்கே இருந்தார்களா?

மறுநாள் படிக்கட்டில் கீழ்வீட்டு மிசிஸ் ஹெட்டிகே
சிங்களத்தில் கேட்டா, அந்த மழைப் பாட்டை விற்றுவிட்டாயா என்று.
எந்த மழைப் பாட்டு?
மழை பெய்கிற பாட்டு. பின்னேரங்களில் கேட்குமே.
நேற்றிரவு போட்டதில் மழையே இல்லை.

மழையில்லை, தேய்ந்த ஊசி என்று சொல்லுமளவு
சிங்களம் எனக்கு வரும்.
மேலே வாருங்கள் என்றேன்.

இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு.
கரண்ட் வந்துவந்து போன அந்த வருடம்
வந்த உடனேயெல்லாம் நான் போட்டது.
புது ஊசி இறங்கியது.
மழை அங்கேதான் இருந்தது,
பள்ளத்துக்குள், அசையாமல்.
அதிகம் விரும்பியதைத்தான்
அதிகம் தின்றிருக்கிறேன்.

மிசிஸ் ஹெட்டிகே கண்ணை மூடி, "ஆ, இதுதான்" என்றா.
ரயில் வந்தது. மாடி ஆடியது. ஊசி துள்ளவில்லை.
கழற்றிய குத்தியைக் காட்டினேன்.
புரட்டிப் பார்த்து,
இதற்கு இப்போது ஒன்றும் வாங்கமுடியாது என்று
திருப்பித் தந்தா.

நாளைக்கு டொக்டர் வருமுன்
கண்ணாடியைத் துடைத்து வைக்கவேண்டும்.