பதினேழாவது வரி

ஹித் உலர்துறையில் வயிறு தெரிய நின்றது
ஒரு கிரேக்கக் கப்பல்.
வால்வைப் பிரித்து
உள்ளிருந்த கறுப்பு ரப்பர் சவ்வை நான் உருவியபோது
இரண்டாம் பொறியாளன் ஸ்டாமாடிஸ்
தன் விலாவுக்குக் கீழே தட்டிக்காட்டினான்:
இது இங்கேயும் இருக்கிறது.
எங்கள் பழைய ஆட்கள்
இதை வைத்துத்தான் நினைத்தார்கள்.

மூச்சை ஏற்றி இறக்கும் சவ்வின் பெயரிலிருந்து
ஒரு வினைச்சொல் வந்ததாம்:
ஃப்ரொனேயோ.
கிரீஸ் என்றால் டப்பாவில் வருவது என்றிருந்த நான்
அந்தக் கையோடு
சொல்லையும் துடைக்காமல் எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மணியில் தமிழ்ப்படுத்திப் பார்த்தேன்.
நினை: பாதி நேரம் அது
போனதன் பின்னாலேயே போகும்.
கருது: அது கம்பெனிக் கடிதத்தில்
எங்களைப் பற்றி மேலாளர் செய்வது.
எண்ணு?
நினைப்பும் அதுதான், கணக்கும் அதுதான்.
போல்ட்டுகளை எண்ணுகிறேன்.
வராத சம்பளத்தை எண்ணுகிறேன், மூன்று மாதம்.
தங்கையின் செமஸ்டர் கட்டணத்தை
தினாரில் எண்ணும்போது சின்னதாகத்தான் இருக்கிறது.

பெலவேந்திரன் காகிதத்தை நீட்டிய வியாழக்கிழமை
அதில் பதினாறு கையெழுத்து இருந்தது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
"நீ யோசிக்கல மாப்ள,
எண்ணிக்கிட்டு இருக்க" என்றான்.
அதன்பிறகு மேல்கட்டிலில் பேச்சில்லை.
ஒரே சட்டியில் பொங்கிய இரண்டு பேர்
இரண்டு முட்டை, இரண்டு அடுப்பு.

தலையால் நினைப்பதா உங்கள் சொல்
என்று கேட்டேன் கிரேக்கனை.
தலை பிறகு வரும், என்றான்.
எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறாய்,
அதுதான் அந்தச் சொல்.
பிறகு சிரித்தான்:
இப்போது எங்கள் ஊர் கார் பட்டறையில்
ஃப்ரேனா என்று கேட்டால் பிரேக் கொடுப்பார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு
துறைக்குள் தண்ணீர் விட்டார்கள்.
மிதக்கும் முன்னால் எந்தக் கப்பலும்
கொஞ்சம் சாயும்,
கட்டைகளுக்கும் கடலுக்கும் நடுவில்
இரண்டு பாகை, மூன்று பாகை.
தளத்தில் யாரும் பேசுவதில்லை அப்போது.
விளக்கோடு பஹ்ரைன் பக்கம் நகர்ந்து
நின்றது அது.
பிறகு ஒரு கிறீச்சும் இல்லாமல் எழும்பியது.

அறைக்கு வந்து படுத்தேன்.
தலைக்கு மேலே ஒட்டுப்பலகை
அவன் மூச்சுக்கு இறங்கி ஏறியது.
தூங்குகிறவன் மூச்சு அப்படி இருக்காது.
என் விலாவுக்குக் கீழேயும்
ஏதோ ஒன்று
கணக்குக் கேட்காமல் அசைந்தது.

"பேனா இருக்கா?" என்றேன் பலகையிடம்.

வெகுநேரம் கழித்து ஒரு கை இறங்கியது.
அதில் பேனா இல்லை, காகிதம்.

பேனா என் சட்டையிலேயேதான் இருந்தது,
அந்த வியாழனிலிருந்து.