மிச்ச நீலம்

மாதாவின் மேலங்கிக்கு ஒரே நீலம்தான்.
டப்பாவில் எண் பதினேழு.
நாளுக்கு நாற்பது மாதா,
மே மாதம் வந்துவிட்டால் அறுபது.
நான் சாந்து கரைத்து அச்சில் ஊற்றுவேன்,
எர்மின் வஷோன் நீலம் பூசுவாள்.
விளிம்பைத் தாண்டினால் கூலியில் பிடித்தம்,
சிலைக்கு இரண்டு சென்ட்.

பதினொரு வருஷத்தில்
நான்கே முறை தாண்டியிருக்கிறாள்.
பிடித்தக் கணக்கும் என் கையில்தான்.

சேன் மோரிஸ் ஆற்றில் பனிக்கட்டி உடைகிற வாரம்.
விடிய விடிய
பலகை பிளக்கிற சத்தம்.
ஏழு மணிக்கு வானொலியில் ஜெபமாலை,
ஊரே சமையலறைத் தரையில் முழங்காலில் இருக்கும்.
மறந்த கையுறைக்காக நான் பட்டறைக்குத் திரும்பினேன்.

உள்ளே அவள்
ஒரு மாவுச் சாக்கைத் தரையில் விரித்து
மீந்த பதினேழை
ஊற்றினாள் என்பதா, எறிந்தாள் என்பதா,
எனக்கு இன்றும் சரியான வினைச்சொல் கிடைக்கவில்லை.
கை முதலில் போனது.
சரிவில் நழுவிய பனிச்சறுக்கு வண்டியைத் துரத்துகிறவள் மாதிரி
அவள் அதன் பின்னால் போனாள்.
தகடு, துடைப்பக் கட்டை,
அப்புறம் முழங்கை.
நடுவில் ஒருமுறை சிரித்தாள்.
அவள் சிரிப்பை அதுவரை கேட்டிராத எனக்கு
பயமாகிவிட்டது.
கையுறை இல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

ஒனேசிமின் முடிதிருத்தும் கடைக்கு மேலே
காலி அறையில் பதினான்கு சாக்குகளை ஆணியில் மாட்டினாள்.
பெயர் எதற்கும் வைக்கவில்லை.
ஒன்றில் மட்டும் சாயத்தை மீறி
‘முதல்தர மாவு, தொண்ணூற்றெட்டு பவுண்டு’ என்று தெரிந்தது.
அதைத்தான் எல்லோரும்
நெடுநேரம் நின்று படித்தார்கள்.

பங்குச் சாமியாரும் வந்தார்.
‘இது என்ன?’ என்றார்.
போன மாதம் அவள் அக்காவிடம்
‘கடைசிக்கு ரெண்டு வயசு ஆகுதே, அடுத்தது எங்கே?’ என்று கேட்ட
அதே குரல்.

எர்மின் சொன்னாள்:
‘தெரியாது சாமி.
தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்.’

ஞாயிறு பூசைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.
தெரியாதாமே,
ரொட்டிக் கடையில் சிரித்தார்கள்,
காகித ஆலையில் ஒருவன் மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்து
அரைநாள் சம்பளம் இழந்தான்.
ஞானோபதேசத்தில் கேள்வி ஒன்றுக்குப் பதில் ஒன்று
என்றுதான் எங்களுக்குப் பாடம்.
பதில் இல்லாமல் ஒருத்தி
நிமிர்ந்து நிற்க முடியும் என்பது
அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

திங்கட்கிழமை முதலாளி தெரியோ என்னைக் கூப்பிட்டார்.
சாயத் திருட்டுக்குச் சாட்சி வேண்டும்.
மீந்தது ஐயா, சாக்கடைக்குப் போகிறது,
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
‘எத்தனை டப்பா?’
‘ஆறு’ என்றேன்.

மான்ட்ரியால் ரயிலுக்கு அவள் போகும்போது
ஒரு அட்டைப்பெட்டி,
நகக்கண்ணில் நீலம்.
என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.
திட்டியிருக்கலாம்.

சாக்குகளை ஒனேசிம்
குளிருக்கு ஜன்னலில் அடைத்துக்கொண்டான்.
ஒன்றை நான் வாங்கினேன்.
காசு கொடுத்துத்தான், ஒன்றரை டாலர்.
கட்டிலுக்கு அடியில் சுருட்டிக் கிடக்கிறது.
ஜெபமாலை நேரத்தில்
என் கால் பெருவிரல் அதன் சொரசொரப்பில் படும்.
‘அருள் நிறைந்த’ என்ற இடத்தில்
அடிக்கடி எண்ணிக்கை தவறுகிறது.

புதிதாக வந்த பெண் விளிம்பைத் தாண்டுவதில்லை.
மாதாக்கள் வரிசையாகக் காய்கிறார்கள்.
நேற்று, நிறை வாளிச் சாந்துடன்
அச்சை நோக்கிப் போனவன்
அச்சுக்கு இரண்டடி முன்னால் நின்றேன்.
வாளி சாய்ந்தது.
வெள்ளை, தரையெல்லாம்,
மேசைக்காலைச் சுற்றி, கதவுவரை
போய் நின்று, சூடேறி, இறுகியது.
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

‘இது என்ன?’ முதலாளி கத்தினார்.

‘கை தவறிடுச்சு’ என்றேன்.
முப்பது சென்ட் பிடித்தம்.
நானே எழுதிக்கொண்டேன்.