நீர்மட்டக் கோடு

நோட்டீஸ் இருபத்து மூன்று.
பசை ஒரு வாளி, மைதா,
டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கரைத்தது.
காலை பத்தரைக்கே ஏரிக்கரைச் சாலையில்
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.

திட்ட வரைபடத்தில் இந்த இடம் நீலம்.
அதற்கு முந்தைய வரைபடத்தில் மஞ்சள்.
அதற்கும் முந்தையதில்
யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம்.
வட்டத்துக்குள் விழுந்த கடைகளை
எந்த நிறத்தில் சேர்ப்பதென்று
மண்டல அலுவலகத்தில் அரை நாள் பேசினோம்,
பிறகு சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

ப்ளைவுட் கடையில் அனுமதி எண் கேட்டேன்.
வாஸ்து பார்த்த தேதியைச் சொன்னார்.
பஞ்சர் கடைக்குக் கதவே இல்லை,
லாரி டயர் ஒன்றில் ஒட்டிவிட்டு வந்தேன்.
வாட்டர் சர்வீஸ் டில்லிபாபு
ஏரியில் மோட்டார் போட்டு உறிஞ்சி
கார் கழுவி
ஏரிக்கே அனுப்புகிறான்.
"எத்த தண்ணிய ஒரு சொட்டு வெச்சிக்கறதில்ல மேடம்,
அல்லாம் ரிட்டர்ன்."
ஓரத்துத் தண்ணீரில் ஆயில்
மயில் கழுத்தாக மின்னியது.

திருமண மண்டபத்தில் ஏ.சி. போட்டார்கள்.
ஆப்பிள் ஜூஸ் வந்தது, ஸ்ட்ராவோடு.
கோப்பு பரிசீலனையில் இருக்கிறதாம்,
எட்டு வருடமாக.
பரிசீலனையில் இருக்கும் சுவரில்
எங்கள் பசை பிடிப்பதில்லை.

குணபூஷணம் ஜிலேபிக் கெண்டை வறுத்துக்கொண்டிருந்தார்.
எண்ணெய் படாமல் இரண்டு விரலால் நோட்டீஸைத் தூக்கி
"இன்னா எழுதிக்கீது, நீயே படி மேடம்."

படித்தேன்.
மேற்படி வணிகப் பயன்பாடு
குறிப்பிட்ட நாளுக்கு முன்பிருந்தே
தொடர்ந்து நடைபெற்று வந்தது என்பதற்கான
ஆதாரத்துடன், பதினைந்து தினங்களுக்குள்.

"ஆதாரம்னா?"
"கரண்ட் பில், வரி ரசீது, வாடகை ஒப்பந்தம்..."
"அல்லாத்தையும் தண்ணி இஸ்துகினு பூட்ச்சி."
"எந்தத் தண்ணி?"

கேட்டிருக்கக் கூடாது.
அடுப்பை அணைத்தார்.
சிலிண்டரை நகர்த்தினார்.
ஆணியிலிருந்து மளிகைக் கடை காலண்டரை எடுத்தார்.
பின்னால், பச்சைச் சுண்ணாம்பில்,
என் கழுத்து உயரத்துக்கு
பழுப்பாக ஒரு கோடு.
ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

"அந்த டிசம்பர்ல இது வரிக்கும் நின்னுச்சி.
கட இல்லாமயா கற புடிக்கும்?
எழுதிக்கோ."

எழுதலாம்தான்.
கடை அன்றைக்கே இருந்தது என்கிறது கோடு.
கடை இருப்பது ஏரிக்குள் என்கிறதும்
அதே கோடுதான்.
படிவத்தில் ஆதாரம் ஏழாம் கட்டம்,
மீறல் பதினொன்று.
ஒரே போட்டோவை இரண்டிலும் ஒட்ட
விதி இருக்கிறதா
என்று யாரிடம் கேட்பது?

டேப் பிடிக்க வர வேண்டிய ஆள் லீவு.
மறுமுனையை அவரே வாங்கிக்கொண்டார்,
குனிந்து, கட்டை விரலால் தரையில் அழுத்தி.
"நேரா புடி மேடம்.
அப்பால கம்மியா வந்துச்சின்னு
என்னியச் சொல்லக் கூடாது."

நான்கடி ஏழங்குலம்.
டேப் சுருண்டு உள்ளே போனபோது
மிளகாய்த்தூளும் கொஞ்சம் போனது.

கிளம்பும்போது இரண்டு துண்டு மீன் கட்டினார்.
வேண்டாம் என்றேன்.
"ஓசி இல்ல, நாப்பது ரூவா."
கொடுத்தேன்.
பஸ்ஸில் பிரித்தபோதுதான் பார்த்தேன்,
கட்டியிருந்த தாளில்
என் கையெழுத்தும் அலுவலக முத்திரையும்
எண்ணெயில் கண்ணாடியாகத் தெரிந்தன.

மிஞ்சிய நோட்டீஸ் ஒன்று.
எந்தச் சுவருடையது என்று
செயற்பொறியாளர் கேட்கவில்லை.
போட்டோவைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"நாலடி ஏழு. சரி. எதுலேர்ந்து?
தரையிலிருந்தா, ஏரி மட்டத்திலிருந்தா?"

திரும்பப் போய் அளக்க வேண்டும் சார், என்றேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
மழைக்கு இன்னும் ஆறு வாரம்.