உண்மைப் பிரதி

கணினியில் அறுநூற்றுப் பதினேழு காணிப் பத்திரம்.
இறுவட்டிலும் அறுநூற்றுப் பதினேழு.
"எண்ணிக்கை சரியெண்டால் உறையில போடும்,
ஜெனரேற்றருக்கு டீசல் ஆர் தாறது?"
ஒட்டுசுட்டானில் எனக்கு மேலே இருப்பவர்.

நான் ஒவ்வொன்றாய்த் திறக்கிறேன்.
நானூற்று இரண்டு:
கோணாமலை இரத்தினசிங்கம்,
வயற்காணி, இரண்டு ஏக்கர்.
வடக்கே குளக்கட்டு.
கிழக்கே வாய்க்கால்.
அதற்குக் கீழே
சாம்பல்.
தெற்கில்லை, மேற்கில்லை,
கச்சேரி முத்திரையில்லை.
கோப்பின் பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது,
அளவு மட்டும்
கொஞ்சம் குறைவு.

புதுத்தட்டு.
எழுதும் வேகத்தை நாலுக்கு இறக்கினேன்.
காற்றாடியையும் நிறுத்தினேன், என்னவோ ஒரு பயம்.

இப்போது முழுசாய் வந்தது:
தெற்கே பாலைமரம்.
மேற்கே முகத்தார் வளவு.

வாசலில் காலையிலிருந்து நின்றவரைக்
கூப்பிட்டுக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரைக்குக் கிட்ட வந்தார்.
"பாலை இப்ப இல்லைப் பிள்ளை.
முகத்தாரும் இல்லை."

மூலத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.
அதில் பாலை நிற்கிறது.
பிரதியிலும் நிற்கிறது.
சரி என்று குறித்தேன்.

பழுதான தட்டைக் கேட்டு வாங்கினார்,
வயலில் கட்ட, கிளிக்கு.
அவர் சைக்கிள் தாங்கியில் அது
வெயிலை வெட்டி வெட்டிப் போனது.

நான் மறுபடி
ஒன்றாம் பத்திரத்தைத் திறந்தேன்.